பெல்மதுளையில் ஜாவாச் சாப்பாடு

மாசி மாதத்தில் மாவனல்லையிலிருந்து அரநாயக்கவுக்கு ஏறினால், ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே மணம் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வீடு முற்றத்தில் படங்கு விரித்துக் கராம்பு காயப்போட்டிருக்கிறார்கள். மரத்தோடு சேர்த்துக் கட்டிய மூங்கிலில் கால் ஊன்றி, கொக்கத்தடியால் கிளையை வளைத்துப் பறிக்கிறார்கள். மொட்டு பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்குத் திரும்பும் நாளில் பறித்துவிட வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை போய்விடும். பக்கத்திலேயே சாதிக்காய் மரங்கள். பழம் வெடித்து, உள்ளே கறுத்த கொட்டையைச் சுற்றி வசவாசி செக்கச் செவேலென்று தெரிகிறது. கேகாலை மாவட்டத்தின் பல குடும்பங்களுக்கு வருசத்துச் செலவைச் சமாளிக்கும் பணம் இந்த இரண்டு மரங்களில்தான் இருக்கிறது.

இரண்டுமே இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. கராம்பு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளுக்குரியது. சாதிக்காய், அதே கடலில் கிடக்கும் பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்துக்குரியது. அந்தச் சாதிக்காயைத் தனக்கு மட்டுமே சொந்தமாக்க ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் 1621இல் படையோடு போனார். பண்டா மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், மிஞ்சியவர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். பிறகு அடிமைகளைக் கொண்டுவந்து அந்தத் தோட்டங்களை நடத்தினார்கள். 1796இல் ஆங்கிலேயர் அத்தீவுகளைப் பிடித்தபோது நாற்றுகளை எடுத்துப் பினாங்கிலும் இலங்கையிலும் நட்டார்கள். இன்று அரநாயக்க முற்றத்தில் காயும் கராம்புக்கும் பக்கத்துச் சாதிக்காய்க்கும் பின்னால் இத்தனை நடந்திருக்கிறது.

கேகாலையில் தொடங்கி இறக்குவானை வரை சப்ரகமுவவின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு போவதுதான் என் பயணத்தின் நோக்கம். இடையில் ஒரு சாப்பாட்டுக் கடை குறுக்கிடும் என்று நினைக்கவில்லை. புளத்கொஹுபிட்டியவில் சந்தித்த ஆசிரியர் ஒருவர், பேச்சோடு பேச்சாக, "பெல்மதுளைக்குப் போறீங்கன்னா அங்க புதுசா ஒரு கடை தொறந்திருக்காங்க. நம்ம தோட்டத்துப் புள்ளதான். இந்தோனேசியாச் சாப்பாடு போடுது" என்றார். கராம்பு மணம் இன்னும் என் சட்டையில் இருந்தது. அந்தக் கடைக்குப் போகாமல் சப்ரகமுவவை விட்டுப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

புளத்கொஹுபிட்டியவிலிருந்து கரவனல்லைக்கு இறங்கும் பாதை முழுக்க ரப்பர். காலைப் பால் வெட்டு முடிந்து, வாளிகளோடு ஆட்கள் ஸ்டோருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சில சரிவுகளில் இன்னும் மரம் முளைக்காத செம்மண் தழும்புகள். 2016 மே மாத மழையில் அரநாயக்கவில் ஒரு மலையே சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களில் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயமும் மண்ணுக்குள் போனது. எட்டியாந்தோட்டைக்கும் இரத்தினபுரிக்கும் ஒரு காலத்தில் களனிப் பள்ளத்தாக்குச் சின்ன ரயில் ஓடியது. இரத்தினபுரிக்கு 1912இலும் ஓபநாயக்கவுக்கு 1919இலும் எட்டிய அந்தப் பாதையை 1970களில் அவிசாவளையோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்தான். அவிசாவளையில் மாறி, குருவிட்ட, இரத்தினபுரி, பிறகு பெல்மதுளை.

மலையகம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது நுவரெலியாதான். சப்ரகமுவ வேறு மாதிரி. இங்கே தோட்டங்கள் சிறிது சிறிதாக, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஒரு டிவிசனில் முப்பது நாற்பது குடும்பம், அடுத்த டிவிசன் இரண்டு மலை தாண்டி. தமிழ்ப் பாடசாலை தூரம். உயர்தரம் படிக்க இன்னும் தூரம். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் 1983இலும் தமிழருக்கு எதிரான கலவரங்களில் அடி விழுந்தபோது இந்தச் சிதறல்தான் இங்குள்ள தோட்டத் தமிழர்களை அதிகம் நோகடித்தது. கூடி நிற்க ஆள் இல்லை. லயங்கள் எரிந்தன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் போனார்கள், இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏறினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் இன்று இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிறார்கள், டவுனில் கடைகளில் வேலை செய்கிறார்கள், வெளிநாடு போகிறார்கள். அப்படிப் போய் வந்த ஒருவர்தான் இந்தக் கடையைத் திறந்திருக்கிறார்.

கடை சந்தியிலிருந்து சற்று உள்ளே, இரத்தினக்கல் வாங்கி விற்பவர்கள் நிற்கும் தெருவின் முனையில் இருக்கிறது. முன்பு தையற்கடையாக இருந்த இடமாம். நான்கு மேசை, சுவரில் பிள்ளையார் படம், கைகழுவ ஒரு பேசின். பெயர்ப்பலகையில் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தோனேசிய உணவு என்று எழுதி, ஓரத்தில் ஆவி பறக்கும் சோற்றுக் கோப்பை ஒன்றை வரைந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் போய்விட்டேன். அதற்கு முன்பே வங்கி உத்தியோகத்தர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே, ஒக்காருங்க. சோறா, நாசி கொரேங்கா?" என்றார் கடைக்காரப் பெண். நாற்பது தாண்டிய வயது. பெரிய கண், நிதானமான கை.

நாசி கொரேங்கை இலங்கையில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து பதுளை வரை எந்த ஹோட்டலுக்குப் போனாலும் பட்டியலில் அது இருக்கும்: மிளகாய்ச் சோஸும் தக்காளிச் சோஸும் போட்டுப் புரட்டிய சிவந்த சோறு, மேலே பொரித்த முட்டை. ஜாவாவுக்கும் நமக்கும் இருக்கும் தொடர்பு அந்தத் தட்டை விட மிகப் பழையது. ஒல்லாந்தர் ஜாவாவில் தங்கள் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து சிப்பாய்களையும் அடிமைகளையும் கைதிகளையும் இங்கே கொண்டுவந்தார்கள். தங்களோடு மோதிய அரசர்களையும் இங்கேதான் நாடுகடத்தினார்கள். மத்தாராம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஊர் திரும்பாமல் இங்கேயே இறந்தார். ஆங்கிலேயர் காலத்தில் அந்தச் சந்ததியினர் இலங்கை ரைபிள் படைப்பிரிவில் சேர்ந்தார்கள். 1873இல் படைப்பிரிவைக் கலைத்தபோது பொலிசுக்கும் தீயணைப்புப் படைக்கும் போனார்கள். சிலர் தோட்டங்களில் வேலைக்கு வந்தார்கள். கொம்பனித்தெருவிலும் ஹம்பாந்தோட்டையிலும் கிரிந்தையிலும் இன்றும் வாழும் மலாய்க்காரர்கள் அவர்களின் பிள்ளைகள். நோன்புப் பெருநாளில் நாடே சாப்பிடும் வட்டிலப்பமும் மலாய் அச்சாறும் அவர்கள் அடுப்பிலிருந்து வந்தவை. அந்த வட்டிலப்பத்துக்குப் போடும் கித்துள் கருப்பட்டி பெரும்பாலும் இந்தக் கேகாலை, இரத்தினபுரி மலைகளிலிருந்துதான் போகிறது.

நான் சோறு கேட்டேன்.

வாழையிலை வைத்த தட்டில் வெள்ளைச் சோறு வந்தது. அதைச் சுற்றி நான்கு வகை. முதலில் கண்ணில் பட்டது பழுப்பு நிறத்தில் குழைந்து கிடந்த பலாப்பிஞ்சு. அதற்குள்ளேயே வெந்து, அதே நிறம் ஏறிய ஒரு அவித்த முட்டை. பக்கத்தில் தேங்காய்ப் பாலில் கரும்பச்சையாக மரவள்ளி இலை. அப்புறம் இனிப்பும் உறைப்புமாகப் புரட்டிய சோயா மீட். ஓரத்தில் ஒரு கரண்டி செந்நிறச் சம்பல்.

பலாப்பிஞ்சைத் தொட்டு வாயில் வைத்ததும் முதலில் தெரிந்தது இனிப்பு. சப்ரகமுவவில் பலாப்பிஞ்சு என்றால், வறுத்த தூளும் கொறக்காயும் போட்டுச் சட்டியில் இரவு முழுக்கத் தணலில் கிடந்து கறுத்துப்போன உறைப்புக் கறிதான் நாக்குக்குத் தெரியும். இங்கே அதே பலாப்பிஞ்சு, அதே நீண்ட நேரத்து வேக்காடு, ஆனால் மிளகாய் இல்லை. தேங்காய்ப் பால், கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு, அரத்தை, கருப்பட்டி. தனியாகச் சாப்பிட்டால் திகட்டும். சம்பலை நுனிவிரலால் தொட்டுச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்ததும் அதற்கு உயிர் வந்தது. இனிப்பு அடங்கி, பலாவின் நார் சதை மாதிரி மெல்ல வந்தது, கடைசியில் அரத்தையின் காரம் தொண்டையில் நின்றது. குடெக் என்று இதற்குப் பெயர். ஜாவாவின் யோக்யாகார்த்தா நகரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சாப்பாடு. அங்கே இதோடு காரமாகச் சமைத்த மாட்டுத்தோலும் வைப்பார்கள். இவர் வைப்பதில்லை.

"அரத்தை எங்க கிடைக்குது?" என்று கேட்டேன்.

"மொதல்ல மருந்துக் கடையில காஞ்சதுதான் வாங்குனேன். அது சரிவரல்ல. அப்புறம் பக்கத்துக் கிராமத்து ஆச்சி ஒருத்தவங்க, நாங்க கஷாயத்துக்குத்தான் வளக்குறோம், சமைக்கிறியான்னு சிரிச்சிட்டு, வேரோட புடுங்கிக் குடுத்தாங்க. இப்ப பின்னால நட்டிருக்கேன்."

அவருடைய சமையலில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த இடந்தான். ஜாவாச் சாமான் ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து வரவில்லை. அங்கே எல்லாவற்றிலும் ஊற்றும் கெட்டியான இனிப்புச் சோயாச் சோஸுக்கு இவர் டவுனில் வாங்கிய சாதாரணச் சோயாச் சோஸைக் கித்துள் பாணியோடு சேர்த்துக் காய்ச்சுகிறார். கூடவே ஒரு நட்சத்திரப் பூவும் இரண்டு கராம்பும். ஜாவாக்காரர்கள் சம்பலில் போடும் இறால் விழுதுக்கு இவர் கூனி இறாலை வாணலியில் வறுத்து அம்மியில் அரைக்கிறார். ரம்பையும் சேரையும் இரண்டு நாட்டுச் சமையலிலும் உண்டு, வேலியோரத்தில் கிடைக்கின்றன. அங்கே சேர்க்கும் ஒரு கொட்டைக்குப் பதில் கொஞ்சம் கஜு. கராம்பு மட்டும் பழைய கடன்: அது அங்கிருந்து வந்து கேகாலையில் வளர்ந்து இங்கே வந்திருக்கிறது. இந்தோனேசியா இன்றும் உலகத்திலேயே அதிகம் கராம்பு விளைவிக்கும் நாடு. ஆனால் அதில் பெரும்பகுதியை அவர்கள் சாப்பிடுவதில்லை, கிரெத்தெக் என்ற சிகரெட்டில் வைத்துப் புகைக்கிறார்கள்.

அம்மி சமையற்கட்டின் வாசலிலேயே இருந்தது. லயத்து வீட்டிலிருந்து தூக்கிவந்தது, அம்மாவுடையது. அம்மாதான் அரைத்துக்கொண்டிருந்தார். கொழுந்து எடுத்துத் தேய்ந்த விரல்கள். வதக்கிய மிளகாய், வெங்காயம், தக்காளி, வறுத்த கூனி, உப்பு, ஒரு துண்டு கருப்பட்டி. இழுத்து இழுத்து அரைக்கும்போது மிளகாய் விதை அம்மியின் ஓரத்துக்கு ஓடும். அதை இடது கைப் புறத்தால் வழித்து மறுபடி நடுவே தள்ளுவார். முழுதாகக் கூழாகிவிடாமல், தோல் கொஞ்சம் தெரியும்போதே நிறுத்திவிட்டார். எண்ணெயைச் சூடாக்கி அதன் மேல் ஊற்றியதும் சுர்ரென்று கூனியின் கடல் மணம் எழும்பித் தெரு வரை போனது. ஜாவாவிலும் இதைக் கல்லில்தான் அரைக்கிறார்கள். தட்டையான கல், கைக்கு அடக்கமான வளைந்த குழவி. "ரியாத்துல கல்லு இல்லாம, பிளெண்டர்ல அடிச்சிட்டு அவ எந்நாளும் மொகத்தச் சுழிப்பா" என்றார் மகள்.

அந்த "அவ" யார் என்பதை, கூட்டம் குறைந்த பிறகு எனக்கெதிரே உட்கார்ந்து சொன்னார்.

அப்பா பால் வெட்டியவர், அம்மா கொழுந்து. சாதாரணதரம் வரை படித்துவிட்டு வீட்டில் இருந்தவரை ஏஜென்சிக்காரர் ஒருவர் சவூதிக்கு அனுப்பினார். ரியாத்தில் பெரிய குடும்பம். பிள்ளை பார்க்க இவர், சமைக்க ஜாவாவிலிருந்து வந்த ஒரு பெண். ஒரே அறையில் இரண்டு பேரும் படுக்க வேண்டும். இவருக்கு இந்தோனேசிய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த வீட்டில் கேட்டுப் பழகிய அடுக்களை அரபுதான் இருவருக்கும் பேச்சு. இன்றும் சமைக்கும்போது "கொஞ்சமா" என்பதற்கு இவர் வாயில் "ஷ்வய்யா" என்றுதான் வருகிறது. வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் சாப்பாடு. எல்லோரும் தூங்கிய பிறகு, மிஞ்சிய சோற்றை எடுத்து, தங்களுக்கென்று ஒரு சட்டியில் அந்தப் பெண் சமைப்பார். இவர் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிப்பார். வருசக்கணக்காக இரவு பதினொரு மணிக்கு நடந்த இந்தச் சமையல்தான் இவருக்குப் படிப்பு.

"அவ ஊரு வொனோசோபோன்னு மலைப்பக்கம். அவ அம்மாவும் கொழுந்து எடுக்கிறவதான். இதக் கேட்டதும் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்."

மத்திய ஜாவாவின் வொனோசோபோவில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. ஜாவாத் தேயிலையின் கதையில் நமக்கும் பங்கு இருக்கிறது. அங்கே ஆரம்பத்தில் சீனத் தேயிலை நட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, 1877இல் காம்பூங் தோட்டத்துக் கெர்க்ஹோவன் என்ற ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து அசாம் இனத் தேயிலை விதையைத் தருவித்து நட்டார். ஜாவாவின் தேயிலைத் தொழில் அதன் பிறகுதான் நிமிர்ந்தது. அதற்கு முந்தின வருசம், 1876இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 38 பெட்டிகளில் ஏறத்தாழ 1,900 ரப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இன்று கேகாலைச் சரிவுகளில் நிற்கும் ரப்பரின் ஆதி அதுதான். கராம்பு இங்கே, தேயிலை அங்கே, ரப்பர் இரண்டு இடத்திலும். கன்றுகளைக் கொண்டுபோனவர்களின் பெயரும் கப்பலும் பெட்டிகளின் எண்ணிக்கையும் பத்திரமாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆட்களைக் கொண்டுபோன கதை அவ்வளவு பத்திரமாக இல்லை. ரியாத்தில் சமைத்த அந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா ஜாவாவிலிருந்து சுமாத்திராவின் டெலிக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவராம். டெலி புகையிலைத் தோட்டங்களில் சீனரும் ஜாவாக்காரரும் தமிழரும் ஒன்றாக வேலை செய்தார்கள். 1880இல் வந்த கூலிச் சட்டப்படி ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. மேடான் நகரத்தில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோவில் அந்தத் தமிழர்கள் கட்டியது, இன்றும் பூசை நடக்கிறது. இலங்கையிலும் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியின் கடன் துண்டைக் காட்டாமல் ஒரு தொழிலாளி தோட்டம் மாற முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. கொள்ளுத்தாத்தாக்கள் ஒரே மாதிரிக் கட்டுண்டு கிடந்த இரண்டு பெண்கள், நூறு வருசம் கழித்து, கடவுச்சீட்டை எசமானரிடம் கொடுத்துவிட்டு, ஒரே அறையில் படுத்திருந்தார்கள். இதை அவர்களும் பேசியிருக்கிறார்கள். தாத்தாக்கள் பட்டதை எந்தப் புத்தகமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வீட்டுப் பெரியவர்கள் சொன்னது அவ்வளவுதான்.

2011 ஜூனில் ருயாத்தி என்ற இந்தோனேசிய வீட்டுப் பணிப்பெண்ணைச் சவூதியில் மரணதண்டனையாக வாளால் வெட்டினார்கள். சொந்த நாட்டு அரசாங்கத்துக்குக்கூட முன்கூட்டியே சொல்லவில்லை. அன்றைக்கு அறைத் தோழியான ஜாவாப் பெண் இரவுச் சமையல் செய்யவில்லை என்றார் கடைக்காரப் பெண். இந்தோனேசியா அந்த வருசமே சவூதிக்குப் பெண்களை அனுப்புவதை நிறுத்தியது. ஒப்பந்தம் முடிந்ததும் ஜாவாப் பெண் ஊர் திரும்பினார். 2013 ஜனவரி 9ஆம் தேதி மூதூரிலிருந்து பணிப்பெண்ணாகப் போன ரிசானா நபீக்குக்கும் அதே கதி. அவர் சவூதிக்குப் போனபோது பதினெட்டு வயதுகூட ஆகவில்லை என்பதும், ஏஜென்சி வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்ததும் எல்லோரும் அறிந்தது. அந்தச் செய்தி கேட்டு இவரும் பெட்டியைக் கட்டினார்.

நமது பத்திரிகைகளில் வெளிநாடு போன தோட்டத்துப் பெண் இரண்டு விதமாகத்தான் வருவார்: அனுப்பிய பணமாக, அல்லது அடிபட்ட உடம்பாக. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த அடுக்களைகளில் அவர்கள் கற்றதும் கற்பித்ததும் ஏராளம். லெபனான், குவைத், சவூதி வீடுகளில் எத்தியோப்பிய, பிலிப்பினிய, இந்தோனேசிய, இலங்கைப் பெண்கள் அருகருகே நின்று சமைத்திருக்கிறார்கள். ஒருவர் கைப்பக்குவம் இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. எந்தக் கம்பனியும் அதைத் திட்டம் போட்டு நடத்தவில்லை, அதில் இலாபம் எடுக்கவும் இல்லை. பண்டாவிலிருந்து கன்றைப் பிடுங்கி வந்தவர்களை விட, ரியாத்தில் சட்டிக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்த இவரைத்தான் நான் மதிக்கிறேன்.

மரவள்ளி இலையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. தட்டில் இருந்ததிலேயே சிறந்தது அதுதான். இளம் இலையைப் பறித்து, கொதிக்கும் தண்ணீரில் மூடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நஞ்சு அதோடு போகும். பிறகு பிழிந்து, நறுக்கி, தேங்காய்ப் பாலில் மஞ்சளும் ரம்பையும் ஒரு துளி கருவாடும் போட்டுக் கொதிக்க விடுகிறார். கீரையை விட அழுத்தமான, சற்றே கசந்து முடியும் சுவை. அம்மாவுக்கு இதை விற்பதில் முதலில் சம்மதமே இல்லையாம். 1973, 74இல் தோட்டங்களில் அரிசியும் மாவும் இல்லாமல் ஆட்கள் செத்த பஞ்ச காலத்தில் மரவள்ளிதான் உயிரைப் பிடித்து வைத்தது. "அத காசு குடுத்து எவன் திம்பான்னு கேட்டாங்க." ஜாவாவிலும் 1942 முதல் 45 வரை ஜப்பானியர் ஆண்டபோது அரிசியைப் படைக்கு அள்ளிப் போக, ஊர் மரவள்ளியைத் தின்று பிழைத்தது. பசிக்குத் தின்ற இலைக்குத் தேங்காய்ப் பால் ஊற்றி மேசைக்குக் கொண்டுவருவதற்கு ஒரு தெம்பு வேண்டும். இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் அது இருந்திருக்கிறது. இப்போது வங்கிக்காரர்கள் இலைக்கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறார்கள், அம்மாவும் ஒன்றும் சொல்வதில்லை.

சோயா மீட் எனக்குப் பிடிக்கவில்லை. ஜாவாவில் அவித்த சோயா அவரையைப் பூஞ்சணம் பிடிக்க வைத்து அடையாக்கி, தெம்பே என்று, அதைப் பொரித்து இனிப்புச் சோஸில் புரட்டுவார்கள். கடித்தால் பருப்பு மணக்கும். சோயா மீட் அந்தச் சோஸை உறிஞ்சி வீங்கிவிடுகிறது, கடிக்க ஒன்றும் இல்லை. அதை அவரிடமே சொன்னேன். "எனக்கும் தெரியும்ண்ணே. அந்தப் பூஞ்சணம் இங்க கிடைக்கல்ல. ஆனா தோட்டத்து ஆளுங்களுக்கு இதுதான் புடிக்குது" என்றார். கடைசியாக ஒரு கரண்டி நாசி கொரேங்கும் ருசிக்கக் கொடுத்தார். சிவப்பு இல்லை, பழுப்பு. முதல் நாள் சோறு, சின்ன வெங்காயம், கூனி, கித்துள் பாணியின் லேசான புகைமணம். ஹோட்டல் நாசி கொரேங்குக்குப் பழகிய பையன்கள் இருவர் பக்கத்து மேசையில் தக்காளிச் சோஸ் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

நான் போனபோது முழுச் சாப்பாடு 400 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது, அதுவும் முழு நாள் வேலைக்குரிய முழுப்பேர் விழுந்தால்தான். அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஒரு நேரச் சாப்பாட்டுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். இது அவருக்குத் தெரியாதா? அதனால் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிறவர்களுக்கு லன்ச் ஷீட்டில் அரைப் பார்சல் கட்டுகிறார்: சோறு, இலைக்கறி, சம்பல், சோயா மீட். 180 ரூபாய். அதில் தனக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றாலும் நிறுத்தப் போவதில்லை என்றார். முஸ்லிம் கல் வியாபாரிகளும் வருவதால் கோழி ஹலால் கடையில்தான் வாங்குகிறார். மாட்டிறைச்சி சமைப்பதில்லை. வங்கிக் கடன் கேட்டபோது தோட்டத்து முகவரிக்குக் காணி உறுதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்களாம். தலைமுறை தலைமுறையாக ஒரு லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த லயத்தைப் பிணையாகக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாதது இந்த நாட்டில் இன்னும் சாதாரண விசயமாகவே இருக்கிறது. எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. கடைசியில் கைச்சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, மிச்சம் சீட்டுக் காசு.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் ஒலித்தது. வொனோசோபோவிலிருந்து வாட்ஸப்பில் காணொளி அழைப்பு. அங்கே பின்னேரம் ஆகிவிட்டிருந்தது. இவர் போனைத் திருப்பிச் சட்டியில் மிஞ்சியிருந்த பலாப்பிஞ்சைக் காட்டினார். இருவரும் அரபில் படபடவென்று பேசிக்கொண்டார்கள். மறுமுனையில் அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"நெறம் பத்தலையாம். ஒவ்வொரு தடவயும் இதே பேச்சுதான். அவங்க ஊர்ல சட்டிக்கடியில தேக்கு எல போட்டு வேக வைப்பாங்க. அப்பதான் நல்லா செவந்து வரும். நான் தேயிலச் சாயம் ஊத்திப் பாத்தேன், கசந்துபோச்சு. இந்த மழைக்காட்டுல தேக்குக்கு எங்க போறது?"

பார்சலுக்கு நின்றிருந்த பஸ் கண்டக்டர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எம்பிலிப்பிட்டிய பஸ். அந்தப் பக்கம் காய்ந்த பூமி, தேக்கு மரம் நிறைய நிற்கிறது, எத்தனை இலை வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். பத்துப் போதும், இளசாக இருக்க வேண்டும் என்றார் இவர். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுக் கண்டக்டர் பார்சலை வாங்கிக்கொண்டு ஓடினார். பார்சலுக்கு இவர் காசு வாங்கவில்லை.